கோரைப்பல்

"காத்து பத்தலை. வேலை இல்லாதவங்க மேல போங்க," என்றார் டாக்டர் கார்மெண்டியா, தலையைத் தூக்காமலே.

குகையின் அடியில், ஆதிமனித எலும்பு தேடித் தோண்டிய அந்தக் குழிக்குள் வேலை இல்லாதவள் ஒருத்திதான். தொமித்திலா. மண்மூட்டையை வெளியே தூக்கிப்போய் ஆற்றில் அலசிச் சலிப்பது அவள் வேலை. வெறும் சாக்கு எடுக்கக் காலையில் இறங்கியவள், மத்தியானமாகியும் ஏறவில்லை.

இப்போதும் ஏறவில்லை. காது கேளாதவள் போல ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பலகைமேல் குப்புறப் படுத்திருந்தார். அவர் முகத்துக்கு ஒரு சாண் கீழே, களிமண்ணில் ஒரு மண்டையோடு. உச்சி வெளியே வந்துவிட்டது. நெற்றி பாதி நொறுங்கியிருந்தது. வாய்ப்பக்கம் இன்னும் மண்ணுக்குள்.

மாணவி நுரியா விளக்கைப் பிடித்திருந்தாள்.

மூன்று பேருமே அதை 'அது' என்றுதான் சொன்னார்கள். பல் தெரிகிறவரை மனிதன் என்ற சொல்லை யாரும் எடுக்கக் கூடாது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பட்ட அவமானம் அப்படி. உடைந்த மண்டைத் துண்டு ஒன்றைப் பார்த்து ஆதிமனிதன் கிடைத்துவிட்டான் என்று கத்தி, ஆப்பிள் மதுவைத் திறந்து, பத்திரிகைக்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அது கரடிக்குட்டி.

இன்றைக்கும் டாக்டர் ஊர் மதுக்கடையில் நுழைந்தால், "கரடிக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் வந்துட்டாருடோய்!" என்று எவனாவது குரல் விடுவான். கடையே சிரிக்கும். தொமித்திலா மட்டும் சிரித்ததில்லை. ஒருநாள் அப்படிக் கத்தியவனை நடுக்கடையில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

நான்கு கோடைகாலம் தோண்டியாயிற்று. கரடி, கரடி, மறுபடியும் கரடி. பணம் கொடுக்கிற மாட்ரிட் அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மனித எலும்பு ஒன்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். குகைவாயில் சுவர் எழுப்பி அடைத்துவிடுவார்கள்.

இன்று வியாழக்கிழமை.

வேலை போகிறதே என்று கலங்குகிறவள் இல்லை தொமித்திலா. முதல் கோடையில் கூலியே வேண்டாம், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றவள். ஆனால் அந்தச் சுவர் மட்டும் எழும்பக் கூடாது.

"கோரைப்பல் இருக்கிற இடம் வந்தாச்சு," என்றார் டாக்டர்.

இனித் தெரிந்துவிடும். கரடி என்றால் விரல் நீளத்துக்கு நிற்கும். மரக்குச்சியால் ஒரு பருக்கை மண்ணை எடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். மறுபடி ஒரு பருக்கை.

மாதாவே, கரடியாக மட்டும் இருக்கக் கூடாது. இந்த ஒரு தடவை, என் தாயே, என்று வேண்டிக்கொண்டாள் தொமித்திலா.

குச்சி எதிலோ தட்டியது. பழுப்பாக, வழவழப்பாக ஏதோ ஒன்று. டாக்டர் ஓரத்து மண்ணை நீக்கினார். அது நீண்டது. இன்னும் நீக்கினார். இன்னும் நீண்டது.

"போச்சு," என்றாள் நுரியா.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் தொறங்க! பார்த்துட்டுச் சாகலாம்," என்று அதட்டினாள் தொமித்திலா.

அவர் குச்சியின் நுனியால் அதை நெம்பினார். படக்கென்று பெயர்ந்து வந்தது. சுண்ணாம்புப் படிவம். அதற்கு அடியில் சின்னதாக, தேய்ந்து போய், பக்கத்துப் பற்களோடு சரிசமமாக ஒரு கோரைப்பல். நம் வாயில் இருப்பது போலவே.

"மனுஷன்! தொமியக்கா, மனுஷன்!" நுரியா விளக்கை ஏணியில் மாட்டிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். டாக்டர் எழுந்து, ஓரத்துக் கல்குவியல்மேல் ஒரு காலை ஊன்றி நின்று, சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் சேறாக்கிக்கொண்டார். தொமித்திலா ஏணிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"நாலு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவருக்கு நீங்க இப்பப் போயி ஒப்பாரி வைக்கிறீங்களே அக்கா!"

அவள் டாக்டரைப் பார்த்தாள். "இனிமே மூட மாட்டாங்கல்ல?"

"மூடுறதாவது! இன்னும் இருபது வருஷம் தோண்டலாம்."

"அந்த ஓரத்துல சரிஞ்சு கிடக்கிற கல்லுக்கு அடியிலயும்?"

"அது எங்க கணக்குல மேலேருந்து நேத்து முந்தாநாள் விழுந்ததும்மா. எங்களுக்குக் குப்பை. மண்வெட்டியால வாரிக் கொட்டிட வேண்டியதுதான்."

"மண்வெட்டி ஆகாது." தொமித்திலா எழுந்துவிட்டாள். "அங்கேயும் குச்சியாலதான் எடுக்கணும். வலிக்காம எடுக்கணும்."

"ஏன்க்கா," என்றாள் நுரியா, இன்னும் சிரித்துக்கொண்டே, "அங்க யாரு இருக்கா?"

நாற்பத்தெட்டு வருஷமாக ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வி. மேயரிடம் போனால், பழசைக் கிளறாதே என்பார். பாதிரியார் பேச்சை மாற்றுவார். இவர்களிடம் சொன்னாலும் எங்கே பயந்துபோய்க் கிளம்பிவிடுவார்களோ என்று அவள் நான்கு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

"எங்கப்பா," என்றாள். "முப்பத்தாறாம் வருஷம், உள்நாட்டுச் சண்டை ஆரம்பிச்ச மறுமாசம். வீட்டுக்குள்ள வந்து லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. இந்தக் குழியிலதான் தள்ளினாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு."

டாக்டர் அந்தக் கல்குவியல்மேல் ஊன்றியிருந்த காலை மெல்ல எடுத்துக்கொண்டார்.