மார்கழியில் ஓர் எஞ்சின்

மார்கழி முதிர்ந்திருந்தது. மழை தன் கடமையை முடித்துக்கொண்டு விலகியபின் வரும் பேரமைதி, சண்டிலிப்பாயின் வெங்காயப் பாத்திகள் மீது படிந்து கிடந்தது.

வாடை மெல்ல வீசிற்று. பனந்தலைகளை மூடிய பனி, ஏழு மணி கழிந்தும் இறங்க மனமின்றி நின்றது. கோயிலில் பதிகம் ஓதி முடிந்து, சேமக்கலத்தின் ஓசையும் ஓய்ந்துவிட்டது. புதிதாக எதையும் தொடங்கலாகாதென்று பெரியோர் விலக்கிவைத்த மாதம் அது.

அந்த மாதத்தில்தான், கிடுகுக் கொட்டிலில் ஆறு ஆண்டுகளாக உறங்கிய டீசல் பிக்கப்பின் எஞ்சின்மேல் மூடியிருந்த பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு, முழங்கைவரை கரியோடு நின்றாள் அருந்ததி.

அது அவளுடைய கணவர் தியாகராசாவின் வாகனம். அவர் போன நாளிலிருந்து அதை எவரும் தொடவில்லை.

ஒன்பது மணிக்குப் பழைய இரும்பு எடுக்கும் லொறி வரும். வரச் சொன்னவன் தியாகராசாவின் தம்பி சுதாகரன். அதற்குள் எஞ்சின் ஓடினால் பிக்கப் அவளுக்கு, ஓடாவிட்டால் இரும்புக்கு என்று பேச்சு. தான் விளைவித்த வெங்காயத்தைத் தானே சந்தைக்கு ஏற்றிப் போவதா, இன்னொருவருடைய வாகனம் வரும்வரை படலையில் காத்து நிற்பதா என்பது அந்த ஒரு காலையில் தீர வேண்டியிருந்தது.

"மார்கழியிலை ஆரும் ஒண்டைத் தொடங்குவினமோ, மச்சாள்?" என்றான் சுதாகரன்.

"இது தொடக்கமே? விட்ட இடத்திலையிருந்து ஓடப்போகுது."

கிறிஸ்ரோபர் சிரித்தார். கொழும்புத்துறையில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர் அவர். புதுப் பற்றறி பூட்டியிருந்தார். தாங்கியைக் கழுவிப் புது டீசலும் நிரப்பியிருந்தார். குழாய்களுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றும் வேலை மட்டுமே எஞ்சியிருந்தது.

அதை அருந்ததி செய்தாள். கைப்பம்பை அமுக்க அமுக்க, தளர்த்திவிட்ட மரையாணியோரம் வெள்ளை நுரை கசிந்தது. நுரை தெளிந்து டீசலாக வடியும்வரை அமுக்கி, மரையை இறுக்கினாள்.

கிறிஸ்ரோபர் சாவியைத் திருப்பினார். ஒரு முனகல்.

மீண்டும் அமுக்கினாள். மீண்டும் திருப்பினார். புகைக்குழாய் ஒருமுறை இருமி அடங்கியது.

மூன்றாம் முறை அந்த இருமலும் இல்லை.

"நடுக்கடலிலை எண்டால் இப்ப செபமாலையைக் கையிலை எடுத்திருப்பன், தங்கச்சி," என்றார் அவர்.

ஒழுங்கை முனையில் லொறியின் ஹோர்ன் கேட்டது. எட்டரைக்கே வந்துவிட்டார்கள். சுதாகரன் படலையைத் திறக்கப் போனான்.

அருந்ததி இன்னொருமுறை பம்பை அமுக்கினாள். அமுங்கிய பம்பு மேலெழவில்லை. யாரோ மறுபுறமிருந்து இழுத்துப் பிடித்ததுபோல உள்ளேயே கிடந்தது.

அவள் அதை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஓடினாள். தாங்கியின் மூடியைத் திருகித் திறந்தாள்.

தாங்கி நெடுமூச்சு இழுத்தது.

மூடியைப் புரட்டிப் பார்த்தாள். காற்றுப் புகவேண்டிய சிறு துளையை உழுந்தளவு மண் அடைத்திருந்தது. தாங்கியைக் கழுவிய கைகளுள் ஒன்றும் மூடியைக் கவனித்திருக்கவில்லை.

"குளவி, அண்ணை. குளவி கூடு கட்டியிருக்கு."

"பாருங்கோவன். இவ்வளவு பெரிய வாகனத்தின்ரை மூச்சை உந்தச் சின்னச் சீவன் பிடிச்சு வைச்சிருக்கு."

கொண்டையூசியை உருவி மண்ணைக் குத்தி எடுத்தாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்ததை அவள் அறியவில்லை. மூடியைப் பூட்டினாள், பம்பை அமுக்கினாள், இம்முறை அது துள்ளி எழுந்து கையைத் தட்டியது. நுரை வந்தது, தெளிந்தது. மரையை இறுக்கிவிட்டு, கிறிஸ்ரோபரை விலக்கி ஆசனத்தில் தானே ஏறி அமர்ந்தாள்.

சாவியைப் பாதி திருப்பி, குளிர்ந்த எஞ்சின் உள்ளே சூடேறட்டுமென்று இருபதுவரை எண்ணத் தொடங்கினாள். பதினாறுக்குமேல் எண்ண முடியவில்லை. முழுக்கத் திருப்பினாள்.

முதலில் எஞ்சினுள் ஒரு சிலிண்டர் உயிர்த்தது. அதைக் கேட்டு இரண்டாவது எழுந்தது. பிறகு நான்கும் ஒன்றாய்க் கூடி முழங்க, கொட்டில் அதிர்ந்தது. கிடுகில் தங்கியிருந்த பனித்துளிகள் பொலபொலவென உதிர்ந்தன. கோழிகள் மதிலேறின. வெண்புகை வளவை நிறைத்து, கருகி, பின் மெலிந்து, வாடையோடு தோட்டப்பக்கம் போயிற்று. கிறிஸ்ரோபர் கைகொட்டினார். அருந்ததி விட்டு விட்டு அக்சிலேற்றரை மிதித்தாள். ஒவ்வொரு மிதிக்கும் சிரித்தாள்.

லொறியில் வந்த ஆழ்வாப்பிள்ளை, நரைத்த மனிதர், தராசுக் கொழுக்கியோடு படலைக்குள் நின்றுவிட்டார்.

"உயிருள்ளதை நான் நிறுக்கிறேல்லை, தம்பி," என்றார் சுதாகரனிடம்.

சுதாகரன் வீட்டுக்குள் ஓடினான். தேங்காயும் கற்பூரமும் திருநீறும் நான்கு எலுமிச்சம்பழங்களுமாகத் திரும்பி ஓடிவந்தான். மார்கழியை அவன் மறந்திருந்தான். சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்களை வைத்து நிமிர்ந்தபோது ஆசனம் வெறுமையாக இருந்தது.

அருந்ததி கிணற்றுத் தொட்டிக்குப் பின்னால் நின்றாள்.

போ என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை. தியாகராசாவைச் சுடலைக்கு ஏற்றிய நாளிலிருந்து, நற்காரியம் எதற்கும் முன்னே நில்லாதிருக்க அவளுடைய கால்கள் தாமாகவே பழகியிருந்தன.

சுதாகரன் தேங்காயைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் நீட்டினான்.

"ஓட்டப்போறது நீங்கள். நான் உடைச்சால் இது ஆரின்ரை பயணம், மச்சாள்?"

அவள் கரிபடிந்த தன் கைகளைப் பார்த்தாள். அவன் நீட்டிய கையை மடக்கவில்லை.

வாங்கினாள். வாகனத்துக்கு முன்னே வந்து கற்பூரம் ஏற்றி, மும்முறை சுற்றி, கல்லில் அடித்தாள். பிறகு திருநீற்றை மூன்று விரலால் தொட்டுப் பொனற்றில் இழுத்தாள். நீற்றோடு கரியும் சேர்ந்து படிந்தது. அதன்மேல் நெற்றியை வைத்துக் கண்மூடி நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை வெறும் லொறியைப் பின்னோக்கி எடுத்து ஒழுங்கையை ஒதுக்கிக் கொடுத்தார். யன்னலால் தலையை நீட்டினார்.

"நல்லாயிருப்பாய், பிள்ளை. போயிட்டு வா."