இறகில் பட்ட அறக்குளா

தங்கூசி நூல் விறைத்தது. சோமசேகரத்தின் கையிலிருந்த தூண்டில் தடி வில்லாக வளைந்தது.

சீவரத்தினம் படகின் எஞ்சினை அடக்கினார். தன் வாயையும்.

கடலில் நின்றுகொண்டு இன்ன மீன் வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் அது படாது. தகப்பன் காலத்திலிருந்தே அந்தப் படகில் அப்படித்தான். அதனால், இன்றைக்கு ஓர் அறக்குளா இல்லாமல் கரைக்குப் போக முடியாது என்பதை அவர் யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மகள் தனுசியாவின் கலியாணம் முடிந்தது. மண்டபத்தில் சைவச் சாப்பாடு. இன்று நாலாம் சடங்கு; பெண் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைத்து மாப்பிள்ளை வீட்டாரை இருத்திச் சாப்பாடு போடும் நாள். கடல்காரன் வீட்டுப் பந்தியில் அவன் கையால் பிடித்த மீன் இல்லையென்றால் ஊர் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நேற்றும் முந்தநாளும் வெறும் படகு.

சோமசேகரம் கனடாக்காரர். விடியவே காங்கேசன்துறைக் கரைக்கு வந்து, "நானும் வாறன்" என்று ஏறிக்கொண்டவர். மறுக்க முடியாத ஆள். ஏறியதும் முதல் வேலையாகச் சீவரத்தினத்தின் தூண்டிலைச் சுருட்டி வைக்கச் சொன்னார். தன் பெட்டியைத் திறந்து, முள்ளில் வெள்ளை இறகுகளைக் கட்டிச் செய்த குஞ்சுமீன் ஒன்றை எடுத்தார்.

"என்ரை கையாலை கட்டினது. அங்கை வசந்தத்திலை, பனி உருகின உடனை, ஏரியிலை இதைத்தான் படகுக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போவம். ட்ரவுட் ஓடிவந்து கவ்வும்."

"இஞ்சை ட்ரவுட் இல்லை அண்ணை."

"அது இறகுக்குத் தெரியாதுதானே."

தெரியவில்லைதான். கால் மணி நேர இழுபறிக்குப் பிறகு படகோரம் வெள்ளியாய் ஒன்று புரண்டது.

அறக்குளா. ஆறு கிலோவுக்குக் குறையாது.

சீவரத்தினத்தின் மனம் அதை அப்போதே வெட்டத் தொடங்கிவிட்டது. நடுத்துண்டுகள் பொரியலுக்கு. வால்பக்கம் குழம்புக்கு. தலை சொதிக்கு.

சோமசேகரம் மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். சீவரத்தினம் அதை வாங்கக் கை நீட்டினார்.

நீட்டிய கையில் அவர் தன் போனை வைத்தார்.

"வடிவா எடுங்கோ. பின்னாலை கரையிலை நிக்கிற வெளிச்சவீடும் விழவேணும்."

எடுத்தார். வெளிச்சவீடு விழாத முதல் படம் சரியில்லை என்று இன்னொன்றும் எடுக்க வேண்டியிருந்தது.

சோமசேகரம் மீனின் நெற்றியில் ஒருதரம் கொஞ்சினார். பிறகு குனிந்து, பால் குடித்த பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல, அதைத் தண்ணீரில் விட்டார்.

அது கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. பிறகு வாலை ஒரு அடி அடித்துக்கொண்டு போயிற்று.

"நாங்கள் அங்கை பிடிக்கிறதும் விடுறதும்தான். ஒரு உயிரைக் கொல்லுறது பாவமெல்லே?"

போன் இன்னும் சீவரத்தினத்தின் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. அவருடைய முகத்தை அப்போது யாரும் பார்க்கவில்லை. நல்லதுதான்.

"ஓம் அண்ணை," என்றார்.

வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி நல்லம்மா கத்தியோடு வெளியே வந்து அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள்.

"எங்கை?"

"ஒண்டும் படேல்லை."

அவள் தன் தம்பியைக் கூப்பிட்டு, சந்தியில் உரித்த கோழி ஐந்து வாங்கிவர அனுப்பினாள்.

மத்தியானம் பந்தி இருந்தது. கோழிக்குழம்பு, கோழிப்பொரியல், அவித்த முட்டை. சொதி மட்டும் வெறும் சொதி.

முதல் இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இந்தச் சம்பந்தத்துக்குத் தலையாட்டியவரும் அவர்தான். பொரியலை விரலால் புரட்டிப் புரட்டித் தேடினார். பக்கத்து இலைக்காரரின் காதோரம் குனிந்தார். குனிந்தாரே தவிர, குரலைக் குறைக்கவில்லை.

"கடற்கரைச் சம்பந்தம் எண்டு ஆசையோடை வந்தனான். மகளைத் தந்த மனிசனுக்கு ஒரு மீன் தர மனம் வரேல்லைப்போலை."

பந்தி முழுக்கச் சிரித்தது. கதவோரம் நின்ற தனுசியா தகப்பனைப் பார்த்தாள்.

சீவரத்தினம் சோற்று வாளியோடு முதல் இலைக்கு வந்து குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டே, சோமசேகரம் அண்ணை?"