நீலச் சீட்டு

"உண்மையைச் சொல்லு ரவ்ஸா. எலியை அளந்து எழுதினியா, இல்ல கூண்டுச் சீட்டோட நிறத்தைப் பார்த்து எழுதினியா?"

ஆய்வுக்கூடத் தலைவர் யெர்சாயின் கேட்டதும், பாலூற்றிய தேநீரை மேசையில் வைத்தாள் உதவியாளர் ரவ்ஸா. அளந்துதான் எழுதினேன் என்றாள். குரலில் பதற்றமே இல்லை. பொய்யில் கைதேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டார் அவர்.

பச்சைக் குழந்தைகளின் கன்னத்தில் ரத்தக் குழாய்கள் பின்னிக்கொண்டு செக்கச்செவேலென்று வளருமே, அந்தக் கட்டிக்கான களிம்பைத்தான் எலிகள்மேல் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கட்டி சுருங்குவது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. தோல் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. அதற்காக எலிகளின் முதுகில் ஒரு பட்டைத் தோலைப் பிரித்துத் திரும்பத் தைத்திருந்தார்கள். ரத்தம் எட்டாத நுனி கறுத்துவிடும். அதன்மேல் கண்ணாடித் தாளை வைத்து, கறுப்பின் ஓரத்தை வரைந்து, கட்டத்தாளில் வைத்துக் கட்டங்களை எண்ண வேண்டும். நீலச் சீட்டுக் கூண்டுகளுக்குக் களிம்பு, மஞ்சளுக்கு மருந்து கலக்காத வெறும் கொழுப்பு. எது எதென்று அளப்பவளுக்கு மட்டும் சொல்லவில்லை.

முதல் இரண்டு எலித் தொகுதிகளிலும் நீலத்தில் கறுப்பே இல்லை. அவ்வளவு நல்ல முடிவை யெர்சாயினால் நம்ப முடியவில்லை. எப்படியோ ரகசியம் தெரிந்துகொண்டு, தன் மனதைக் குளிரவைக்க எழுதுகிறாளோ? அதை நம்பி அல்மாட்டி நகரக் குழந்தைகளின் முகத்தில் பூசினால்?

அதனால்தான் மூன்றாவது தொகுதியில், வெள்ளிக்கிழமை மாலை, ரகசியமாகச் சீட்டுகளை இடம் மாற்றினார். நேர்மையாக அளந்திருந்தால் இன்று மஞ்சளில்தான் தோல் பிழைத்திருக்க வேண்டும்.

குறிப்பேட்டில் மறுபடியும் நீலம்.

"சீட்டையெல்லாம் வெள்ளிக்கிழமையே நான் மாத்திட்டேன்மா. நீ எழுதினது வெறும் கற்பனை. இன்னியோட கிளம்பிடு."

ரவ்ஸா குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை தீனி போட வந்தேன், யெர்சாயின் அகாய். ஒவ்வொரு எலிக்கும் காதுல வெட்டுக்குறி இருக்கே, அதைக் குறிப்பேட்டோட ஒத்துப் பார்த்தா எல்லாக் கூண்டுலயும் சீட்டு மாறி இருந்துச்சு. சீட்டைப் பழையபடி மாட்டிட்டுத்தான் இன்னிக்கு அளந்தேன்."

யெர்சாயினுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் களிம்பு நிஜமாகவே வேலை செய்கிறது. தப்பா நெனச்சுட்டேன் ரவ்ஸா என்று கையை நீட்டினார்.

அவள் கை கொடுக்கவில்லை.

"எலி அறைச் சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. நீங்க ஆராய்ச்சி முடிவைத் திருத்தறீங்கன்னு காலையிலேயே இயக்குநர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன். சாட்சிதான் இல்லாம இருந்துச்சு, இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க."