தபால் பெட்டி வரைக்கும்

"ஐயோ, இதுக்கு மேல ஒரு அடி வைக்க முடியாது. என்னை விட்டுடு!"

பேக்கரி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார் லிஃப்ட் மெக்கானிக். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் சிரித்தார். பார்க்க வாட்டசாட்டமான ஆள், நாலு கடை தாண்டினால் மூச்சு வாங்குகிறது.

"தினம் இதே பாட்டு," என்றாள் மனைவி. "பூங்கா நினைப்பே வேண்டாம். முதல்ல அந்தத் தபால் பெட்டி வரைக்கும் வாங்க, அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் வழி இதுதான். மொத்தத் தூரத்தையும் சொன்னால் மனுஷன் மலைத்துப்போய்ப் படுத்துவிடுவார். முதலில் மாடிப்படி வளைவு வரைக்கும்தான் கூப்பிட்டாள். அது பழகியதும் வாசல் கேட், பிறகு மருந்துக்கடை, அதற்கப்புறம் பேக்கரி என்று துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டு வந்திருந்தாள்.

இத்தனைக்கும் அவள் முட்டியில் ஆபரேஷன் ஆனவள். பெரிய ரோட்டில் பைக் இடித்துத் தள்ளிய நாளிலிருந்து படி இறங்காதவள். பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

அப்போதுதான் ஒருநாள் இவர் வேலையிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்தார். "சர்க்கரை ஏறிடுச்சாம். நடந்தே ஆகணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். நாள் பூரா லிஃப்ட்லயே ஏறி இறங்குற உடம்பு, தனியா எப்படி நடப்பேன்? நீயும் கூட வா."

மறுநாள் காலையில் அவள்தான் முதலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள். கொடுத்து வைத்த மனுஷன்.

இன்றைக்குப் பூங்கா பெஞ்சைத் தொட்டாக வேண்டும். நடுவில் அந்தப் பெரிய ரோடு. எழுந்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள், வழியெல்லாம் கைக்குட்டையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

தபால் பெட்டி தாண்டி சிக்னல் வந்தது. "தலை சுத்துது, தோளைக் கொடு," என்று அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வண்டிகள் நின்றதும் இருவரும் ஒரே மூச்சில் ரோட்டைக் கடந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் கழுத்தெல்லாம் வியர்வை. அவர் சட்டைக் காலர் காய்ந்தே இருந்தது.

போன் அலறியது. "சார், பூங்கா பக்கத்து பில்டிங்ல லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு! உள்ளே கைக்குழந்தையோட ஒரு அம்மா!"

அவ்வளவுதான், எடுத்தார் ஓட்டம். பூங்கா கேட்டைத் தொட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்து, மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தாள். "கையை எடுங்க. நின்னுபோன லிஃப்டைப் பார்க்கப் போறவர் படியேறாம, பறந்தா போவீங்க? இது நடிப்புன்னு எனக்கு முதல் நாளே தெரியும்."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. "தெரிஞ்சுமா கூட வந்தே?"

"எனக்காகன்னா இறங்கப் பயமா இருந்தது. உங்களுக்காகன்னு நினைச்சா கால் வந்துது."

அவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். வண்டிகள் சீறிக்கொண்டு போயின. "நீ இங்கேயே உட்காரு, வேலையை முடிச்சுட்டு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். தனியா மட்டும் தாண்டாதே!"

"குழந்தை காத்துக்கிட்டிருக்கு, ஓடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சிக்னலை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

"முதல்ல அந்தத் தபால் பெட்டி வரைக்கும் போறேன், அப்புறம் பார்த்துக்கலாம்!"