சுவர் கேட்ட மூன்றாம் வகுப்பு

“உன் நாற்காலி மறுபடியும் இந்தக் கோட்டைத் தாண்டி வந்துச்சுன்னா, தூக்கி ஜன்னல் வழியா வீசிருவேன்!”

மார்லிஸ் டீச்சர் போட்ட கூச்சலில், வாசலில் நின்ற தலைமையாசிரியர் கிர்பியின் முகம் வெளிறிப்போனது. பின்னாலேயே, பள்ளியைச் சுற்றிப் பார்க்க அன்று வந்த முதல் குழு நின்றது. ஒன்பது வாக்காளர்கள், எல்லாருக்கும் முன்னால் ஆர்வில் ஹாகன்.

ஆர்விலிடம் நாலாயிரம் பன்றிகள் உண்டு. பன்றிக்கு ஒன்று வீதம் கருத்தும் உண்டு. பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்ட நிலவரியை உயர்த்தலாமா என்று எங்கள் ஊரில் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் தன் சோளக்காட்டு ஓரம் ‘வேண்டாம்’ என்று பலகை நட்டு, ஊரைத் தன் பக்கம் இழுத்தவர் அவர்தான்.

அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் நூற்றுக்கு அறுபது பேர் ‘சரி’ என்றால்தான் செங்கல் நகரும். போன தடவை பதினோரு ஓட்டில் கை நழுவிப் போனது. வருகிற செவ்வாய்க்கிழமை மூன்றாவது முறை. இதிலும் தோற்றால் கட்டடத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

இறைச்சி ஆலை வந்த பிறகு ஊரில் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். மூன்றாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் ஒரே அறையில். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், நடுவே எல்லையாகத் தரையில் ஒட்டிய நீல நாடா.

ஆர்வில் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மாவட்டக் கல்வி அலுவலகம் வீட்டுக்கு வீடு அனுப்பிய செய்திமடல். முதல் பக்கத்தில், ‘இடமில்லை, புதுக் கட்டடம் வேண்டும்’. இரண்டாம் பக்கத்தில், ‘ஒரே அறையில் இரண்டு வகுப்புகள்! மார்லிஸ், டானெட் கூட்டுப்பணி மாவட்டத்துக்கே முன்மாதிரி!’ தோளில் கை போட்டுக்கொண்டு ஒரு படம் வேறு. இரண்டையும் ஒரே இதழில் போட்ட அதிமேதாவி யாரென்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

“ஒரே ரூம்ல அமோகமா நடக்குதுன்னு நீங்களே அச்சடிச்சு அனுப்புறீங்க. அப்புறம் எதுக்குப்பா சுவரு?”

“அது வந்துங்கய்யா... வாங்க, முதல்ல விளையாட்டு அரங்கத்தைப் பாத்துடலாம்” என்றார் கிர்பி.

“இருப்பா, பாத்துட்டு வர்றேன்.”

நாடாவுக்கு அந்தப் பக்கம் டானெட் டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்றாள். “நீ வாய்ப்பாடு கத்துற கத்துல என் பிள்ளைங்க எப்படிக் கதை படிக்கும்? குரலா அது? தீயணைப்பு வண்டி தோத்துடும்!”

“என் குரலை விடு. உன் ஆமைத் தொட்டிய என்னிக்காவது கழுவியிருக்கியா? நாத்தத்துல என் பிள்ளைங்க பாதி மயங்கிக் கிடக்குது!”

மயங்கியதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளில் ஒருவர்கூட தலை நிமிரவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து, டிஷ்யூ பெட்டியை எடுத்து மார்லிஸின் மேசையில் வைத்துவிட்டு, போய் உட்கார்ந்து கழித்தல் கணக்கைத் தொடர்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் டானெட் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

“வருஷா வருஷம் சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு மேல சீஸைக் கொட்டி, கேஸரோல்னு ஒண்ணை அவன்ல சுட்டுத் தூக்கிட்டு வர்றியே, அதை எல்லாரும் மரியாதைக்குத்தான் ஒரு கரண்டி போட்டுக்கறாங்க. தெரியுமா உனக்கு?”

வாசலில் யாரோ “ஐயோ” என்றார்கள். எங்கள் ஊரில் ஒருவன் வண்டியை ஏற்றி வேலியை உடைத்தால்கூட “பரவால்ல, பழைய வேலிதான்” என்போம். ஆனால் அடுத்தவர் கேஸரோலைக் குறை சொல்கிற துணிச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை. உப்பே போடாமல் கொண்டுவந்தாலும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்கிற ஜனம் நாங்கள்.

ஆர்வில் தொப்பியைக் கழற்றிவிட்டார். சாவு வீட்டில் மட்டும்தான் அவர் அதைக் கழற்றிப் பார்த்திருக்கிறோம்.

“அது எங்க அம்மாவோட பக்குவம், டானெட்...” மார்லிஸின் உதடு துடித்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள்.

கிர்பி ஒன்பது பேரையும் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று வருடமாகக் கட்டடத்துக்காக நாயாய் அலைந்தவர். எல்லாம் ஒரு கேஸரோலில் முடிந்ததே என்று அவருக்கும் அழுகை முட்டியது.

ஆர்வில் செய்திமடலை நாலாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

“பன்னிங்களையே நான் இப்படி அடைக்கறதில்லப்பா. கொட்டில்ல நெருக்கி வெச்சா ஒண்ணு வாலை ஒண்ணு கடிச்சுத் துப்பிடும். இங்க கேஸரோல் வரைக்கும் போயிட்டாங்க. இனிமே என்ன மிச்சம் இருக்கு?”

“அப்ப... உங்க ஓட்டு?”

“போட்டுத் தொலைக்கறேன். பலகையையும் இன்னிக்கே பிடுங்கிடறேன். நல்லா கெட்டியா ஒரு சுவரா கட்டுங்க. கதவு மட்டும் வெச்சிடாதீங்க.”

பின்னால் நின்ற எட்டுத் தலைகளும் ஆடின. கிர்பி தன் காதையே நம்ப முடியாமல் அவர்களை விளையாட்டு அரங்கத்துக்கு அழைத்துப் போனார்.

காலடிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து மார்லிஸ் வகுப்பறைக் கதவைச் சாத்தினாள். டானெட் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அடுத்த கூட்டம் பதினோரு மணிக்கு. இந்தத் தடவை நான் அழறேன்.”