பெர்மிட் இல்லாத செடி

மலேசியாவின் கிள்ளானில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிற சாயங்காலம். முதலாளி வீட்டுக் கொல்லையில், பயற்றங்காய்ப் பந்தலுக்கு அடியில், சொக்கலிங்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்குச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை யாரும் நடவில்லை. போன வருஷம் அவனே நட்டு, அவனே தோண்டியபோது மண்ணுக்குள் தப்பிய கிழங்குகள் தானாகத் தலைகாட்டியிருக்கின்றன. ஈர இலைகளில் வெயில் மினுங்குகிறது. சமையற்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும் முதலாளி சுகுமாறன் கோப்பியை ஊதி ஊதிக் குடிக்கிறார். "வேரோட எடு லா. பெர்மிட் இல்லாத செடி. விட்டா இங்கயே குடும்பம் நடத்தும்" என்று சொல்லி அவரே சிரிக்கிறார். சொக்கலிங்கமும் சிரித்து வைக்கிறான். அவனுடைய வேலை பெர்மிட் முடிந்து ரொம்ப நாளாகிறது. பாஸ்போர்ட் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அடுத்த தண்டை இழுக்கிறான். கோலிக்குண்டு அளவில் இரண்டு பிஞ்சுக் கிழங்குகள் வெள்ளை நூலில் தொங்கி ஆடுகின்றன. "கிழங்கு வச்சிருக்கு பாஸ். மிச்சத்த விட்டுடலாமா?" "நானா நட்டேன்?" என்கிறார் அவர். பந்தலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. அவன் செடியைக் கீழே வைக்காமல் மெல்லக் கேட்கிறான்: "பாஸ், என் பெர்மிட் விஷயம்..." சுகுமாறன் கோப்பையின் அடியில் தங்கிய சீனியை விரலால் வழித்து நக்குகிறார். "உன்னை யாருப்பா இங்க வரச் சொன்னது?" என்கிறார், கோபமே இல்லாமல். விமான நிலையத்தில் இவன் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்ற அதே கை, நீண்டு, அடுத்த செடியைக் காட்டுகிறது.