மெர்டேக்கா காய்ச்சல்

“ஏண்டா வீராசாமி, நேத்து பெரட்டுக்கு ஏன் வரல?” கங்காணி மாயாண்டி அதட்டினார்.

“காய்ச்சலுங்க,” என்றான் வீராசாமி. தகரத்தைத் தரையில் இழுத்தது போல் வந்தது குரல்.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நேற்று மலாக்கா பாடாங் மைதானத்தில் பெருங்கூட்டம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் சுதந்திரம் என்று அறிவித்ததும், மலாய்க்காரர்களோடு சேர்ந்து வீராசாமியும் ‘மெர்டேக்கா’, விடுதலை, என்று போட்ட கூச்சலில் தொண்டை போயே போய்விட்டது.

கூட்டத்துக்குப் போகிறவன் பேரை வேலையிலிருந்து வெட்டிவிடுவேன் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை முன்பே சொல்லியிருந்தார். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போய்விடும். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து போட்ட இந்த எமர்ஜென்சி காலத்தில் வேறு தோட்டத்துக் கம்பிவேலிக்குள் யார் விடுவார்கள்?

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் சிவசாமி கங்காணியின் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

‘நம்மகிட்ட நேரா பேசினா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமோ?’ என்று வீராசாமிக்கு எரிச்சலாக வந்தது.

“பாடாங்குல மரத்து மேல ஏறி நின்னியாமே?” என்றார் கங்காணி.

“நான் இல்லீங்க!”

மறுபடியும் முணுமுணுப்பு.

“துண்டைச் சுத்துறேன்னு கிளையோட ஒரு மலாய்க்காரர் தோள்ல விழுந்தியாம். அவரு உன்னைத் தூக்கிக்கிட்டே ஆடினாராம்!”

இவ்வளவு விவரமாகப் போட்டுக் கொடுத்தவன் எவன்? தன்னோடு கூட்டத்துக்கு வந்த முனியாண்டியை வீராசாமி முறைத்தான்.

“சத்தியமா நான் இல்ல லா!” என்று முனியாண்டி தலையில் அடித்துக்கொண்டான்.

“நான் பாயில சுருண்டு கிடந்தேங்க. பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க.”

கிராணியார் மீண்டும் குனிந்தார்.

“அவளும்தான் மரத்தடியில நின்னு கத்தினாளாமே!”

அதற்குள் துரையின் ஜீப் வந்து நின்றது.

“என்ன சத்தம்? இவன் நேத்து எங்கே போனான்?” தோட்டத் தமிழில் கேட்டார் துரை. கங்காணி வாயெடுப்பதற்குள் கையமர்த்தினார். “நீ இல்லே. கிராணி சொல்லட்டும்.”

அவ்வளவுதான், பேர் வெட்டுப்பட்டது. வீராசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“இவனுக்கும் காய்ச்சல் துரை, எனக்கும் காய்ச்சல்,” என்றார் கிராணியார். வீராசாமியின் தொண்டையைவிட மோசமாகக் கட்டிப்போயிருந்தது அவர் தொண்டை.